சனிக்கிழமை எண்ணெயும் மூலக்கூறு அடுக்குகளும்

“தம்பியின் கண்ணாடி இன்றும் ஷார்ட்.” 1974 மே மாத டைரியில் ஒரு சனிக்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்.

தம்பி அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மிகமிக மெல்லிய மின்தேக்கி செய்ய முயன்றுகொண்டிருந்தான். தொட்டித் தண்ணீரின் மேல் கொழுப்பு அமிலத்தை ஒரே மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி, அலுமினியம் பூசிய கண்ணாடித் தகட்டை அதில் முக்கி எடுப்பான். முக்கும்போதும் எடுக்கும்போதும் ஒவ்வோர் அடுக்காக ஒட்டும். அதன் மேல் மறுபடியும் அலுமினியம். நடுப்படலத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் இரண்டு உலோகப் பூச்சும் தொட்டுக்கொள்ளும்; அதுதான் ஷார்ட். ஜூனுக்குள் ஒன்றாவது தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், அதோடு ஆராய்ச்சியும்.

நடமாட்டம் இருந்தால் தண்ணீர் நடுங்கும் என்று சனிக்கிழமைகளில்தான் முக்குவான். நான் வேலை பார்த்த பள்ளிக்கு விடுமுறையாதலால், அடுத்த சனிக்கிழமை மயிலாப்பூரிலிருந்து சாப்பாடு எடுத்துப்போனேன். காற்று படக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் சுத்தமா என்று பார்க்க முகப்பவுடரைத் தூவிவிட்டுக் குனிந்தான். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது. பவுடர் முழுவதும் விரட்டிவிட்டாற்போல ஓரத்துக்கு ஓடியது. எண்ணெய் பரவினால்தான் அப்படி ஓடும்; அது கலந்தால் படலத்தில் ஓட்டை விழும்.

“இன்னா மச்சி, தலையில செக்கு ஓடிக்கினு கீதா?” என்றார் உடன் வேலை செய்த நண்பர்.

“சீயக்காய் போட்டுத்தானே தேய்ச்சுண்டேன்!” என்றான் தம்பி.

“போட்டும் வழியறதேடா,” என்றேன்.

எங்கள் வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பாது. அதைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம். “நல்லெண்ணெய் மேல பழி போடாதேடா!”

ஆனாலும் மாற்றினோம். அடுத்த சனிக்கிழமை நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு முக்கினான். மேல்பூச்சு முடித்து, திங்கட்கிழமை மாலை சோதித்துவிட்டு வந்தான்.

“அக்கா, ஷார்ட் இல்லே!”

கேட்டதும் முற்றத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா காபி கலக்கப் போனாள். அன்றிரவு மூவரும் நன்றாகத் தூங்கினோம்.

உதவித்தொகை நீடித்தது. அந்தச் சொட்டில் எண்ணெய் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதற்குமுன் வீணான கண்ணாடிகளும் எண்ணெயால்தான் கெட்டனவா என்று யாரும் சோதிக்கவில்லை. எண்ணெய் காரணமில்லை என்றே அம்மா சொல்லிவந்தாள். அவள் சொன்னது சரியா தப்பா என்பது இன்னும் உறுதியாகவில்லை.