சீமெந்துப் பையில் தொடங்கும் நூல்

மதுக்கரையை விட்டு நடந்துகொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஊரில் வேலையை விட்டுத் துரத்துவதையும் மரியாதையாகச் செய்கிறார்கள். "இப்பப் போனீங்கன்னா நாளைக்கு வராதீங்க கண்ணு, வேற ஆளு வெச்சுக்கறனுங்க" என்றார் ஹாலோ பிளாக் பட்டறை மேஸ்திரி. வைதாரா வழியனுப்பினாரா என்பது பாலக்காடு ரோட்டுக்கு வந்த பிறகும் விளங்கவில்லை. கிளிநொச்சியில், எங்கள் பக்கத்தில் இதே செய்திக்கு மூன்று சொல் போதும், அதில் ஒன்று கெட்ட சொல்லாக இருக்கும்.

நான் மணல் அள்ளும் சவளைப் போட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. உக்கடத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சகம் இருக்கிறது. இரண்டு நாளுக்கு முன் ஐந்து கட்டுத் தாள்களை ஸ்கேன் செய்து நூலாக்க அங்கே கொடுத்திருந்தேன். அங்கு வேலை பார்க்கும் சுமதி அழைத்தார். "ஏனுங்ண்ணா, உங்க பேப்பரெல்லாம் கசகசன்னு கெடந்துச்சுங்க. பெருசு சிறுசு பாத்து, சைஸ் வாரியா அடுக்கிப்போட்டேன். கட்டியிருந்த கந்தலையும் அவுத்து வீசிட்டேனுங்க." பாராட்டை எதிர்பார்க்கும் குரல் அது.

அந்தத் தாள்கள் எங்கள் பள்ளிக்கூட ரீச்சருடையவை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரை ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தவர்கள் நாங்கள். அவர் ஒரு நீண்ட கவிதை எழுதிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தை விட்டு எழும்பும்போது அங்கே எழுதியதைச் சேலைக்கரையைக் கிழித்துக் கட்டுவார். ஓர் இடத்துக்கு ஒரு கட்டு. பக்க எண் போடவில்லை. அடுத்த பக்கம் உண்டென்று அப்போது யாருக்குத் தெரியும்? இப்போது அவர் சத்தியமங்கலம் பக்கத்து அகதி முகாமில் இருக்கிறார். கண் மங்கி, எழுத்தே தெரியாமல் போய் ஒரு வருடமாகிறது. எழுதியதை முழுதாக ஒருமுறை காதால் கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வரிசை போனால் அது கவிதை அல்ல, பழைய கடதாசி. அதனால்தான் நடந்தேன். பஸ் ஏறியிருக்கலாம், ஆனால் பதற்றம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் வேலை செய்யும்.

அச்சகத்து மேசையில் தாள்கள் திருமணப் பத்திரிகை போல விளிம்பு பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. என் முகத்தைப் பார்த்த சுமதி பின்பக்கம் ஓடி, கந்தல்களோடு வந்தார். "குப்பையில இருந்து பொறுக்கிட்டேனுங்க. மண்ணா இருந்துச்சா, துவைச்சுக் காயப்போட்டுட்டேன்." எந்தக் கட்டு எந்த ஊர் என்று காட்டியிருக்கக்கூடிய மண்ணும் அதோடு போயிற்று.

அச்சக உரிமையாளர் அருளப்பன் ஞாயிறு பூசை தவறாதவர், அறுபதைத் தாண்டியவர். சுமதியை அவரும் திட்டவில்லை. பழுப்புச் சீமெந்துப் பைத் தாள்களை எடுத்துக் கடைசியில் வைத்தார். "வேற காயிதம் கெடைக்காம, கடைசியா இதுல எழுதியிருப்பாங்க. சரிங்களா?"

"இல்லை ஐயா, இதுதான் முதல். அப்ப ரீச்சர் வீடு கட்டிக்கொண்டிருந்தவ. சண்டை கிட்ட வந்த பிறகு ஆர் சீமெந்து கண்டது?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப நீங்களே அடுக்குங்க தம்பி. எனக்கு அளவுதான் தெரியும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாப்பு தெரியாது. ஆனால் எந்த இடத்தில் என்ன கடதாசி கிடைத்தது என்பது தெரியும். தர்மபுரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடைப் படிவங்கள் கிடைத்தன. புதுக்குடியிருப்பில் பால்மாப் பெட்டி மட்டை. கடைசியாக, யுத்தம் முடிந்து எங்களை அடைத்த கம்பிவேலிக்குள் தந்த சிங்களப் படிவத்தின் பின்பக்கம். பள்ளிக்கூடக் கொப்பித் தாள்தான் சிக்கல், அது எல்லா இடத்திலும் இருந்தது. மடிப்பைத் தட்டிப் பார்த்தேன். செம்மண் உதிர்ந்தால் கிளிநொச்சி, வெள்ளை மணல் உதிர்ந்தால் கரை. ஒரே கட்டுக்குள் இருந்த தாள்களைப் பூச்சி துளைத்த ஓட்டை காட்டிக்கொடுத்தது. ஓட்டைகள் நேர்கோட்டில் வரும்வரை மாற்றி மாற்றி வைத்தேன். சுமதி கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷெல்லுக்குப் பயந்து பள்ளங்களில் படுத்துக் கிடந்து நான் கற்றது ஒரு நாளைக்கு உதவும் என்று நினைத்ததே இல்லை.

மாலையில் தொலைபேசியில் ரீச்சரை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு வாசித்தேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "உது நான் எழுதினதோ? பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, நான் அடுத்த தாளை எடுக்குமுன் அடுத்த வரியை அவரே சொன்னார். அதற்கடுத்த தாளிலும் அப்படித்தான். அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தாள்கள் மட்டும் எங்கும் பொருந்தவில்லை. "அதைத் தனியப் போடு. எங்க இருந்து எழுதினனான் எண்டு எனக்கே தெரியாது" என்றார் ரீச்சர். அப்படியே போட்டேன். கனடாவிலும் லண்டனிலும் இருந்து இந்த நூலை வாசிக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், இந்த வரிசைக்கு நான் பொறுப்பு. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதும் தகுதி எனக்கு முன்பு கிடைத்ததில்லை.

புறப்படும்போது அருளப்பன், "உங்க ஊர்க்காரங்க இன்னும் ரெண்டு குடும்பம் இந்த மாதிரி காயிதம் கொண்டாராங்களாமுங்க. நீங்க இல்லாம நான் என்ன பண்றது? காலையில வந்துருங்க" என்றார். "சாப்பாட்டையும் கட்டியாந்துருங்ண்ணா, இங்க கடை தூரம்" என்றார் சுமதி.

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் தந்தது ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு. பெருந்துறைப் பக்கத்துக் குடும்பமாம். அவர்களுக்கு நேரமில்லை என்பதால் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவும் வேலையையும் அச்சகத்திடமே விட்டுவிட்டார்கள். நான் ஒருபோதும் போகப்போகாத கல்யாணம். உள்ளே தாத்தா, பெரியப்பா, தாய்மாமன், அண்ணன் என்று மூன்று தலைமுறை வரிசை பிசகாமல் நின்றது. பக்கத்தில் ஸ்கேனர் ரீச்சரின் தாளுக்காகத் திறந்தபடி இருந்தது. வலது கை மஞ்சளில் இருந்ததால், இடது கையால் அவருடைய தாளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.