கடலுக்குப் பக்கத்தில் ஓர் அம்பத்தூர் வீடு

அம்பத்தூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது வெயிலும் அல்ல, கொசுவும் அல்ல. மாலையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் உரக்கப் படிக்கும் ஒரே கட்டுரை கேட்கும். 'லாஸ்ட் சண்டே ஐ வென்ட் டு அன் எக்ஸிபிஷன் வித் மை ஃபாதர்.' முதல் வீட்டில் ராட்டினத்தில் ஏறுவார்கள், நாலாவது வீட்டில் இறங்குவார்கள், தெருமுனை வீட்டில் அப்பா பஞ்சுமிட்டாய் வாங்கித் தருவார். இத்தனை பிள்ளைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். ஊரில் இருப்பவர்களே, என்னைப்போல் சிதறிக் கிடப்பவர்களே, சிரிக்காதீர்கள். புது நாட்டுக்கு வந்தவன் முதல் மாதத்தில் எதையும் நம்புவான்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளியில் இரண்டு பேர் ஒரேமாதிரிக் கட்டுரை எழுதினால் இரண்டு பேருக்கும் அடி விழும். பிறகு நானே ஆங்கில ஆசிரியனாகி அந்த அடியைத் தொடர்ந்து வழங்கினேன். ஷெல் விழத் தொடங்கிப் படகேறி வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு தோள்பையும் என் ஆங்கிலப் பெருமையும்தான். பை நனைந்துவிட்டது. பெருமையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதை நம்பித்தான் இங்கே ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் எனக்குத் தற்காலிக வேலை கொடுத்தார். அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தேறினால் வேலை தொடரும். "இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குவோம், தப்பா நெனைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எனக்கு வசதியில்லை. வேலை போனால் அறை வாடகை போகும், அறை போனால் திரும்பவும் முகாம். முகாமில் எட்டு மாதம் இருந்தவன் நான்.

பத்தாம் வகுப்புக்கு இன்னொரு ஆங்கில ஆசிரியையும் இருந்தார். விஜயா டீச்சர், ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இரண்டு பிரிவுகளையும் சேர்த்து இருவரும் நடத்துவது என்று முடிவானது. வாசிப்பு அவருக்கு, கட்டுரை எனக்கு, தாள் திருத்துவது சேர்ந்து. அவர் ஒரு வரி வாசிப்பார், வகுப்பு முழுவதும் கூரை அதிர அதைத் திருப்பிச் சொல்லும். நான் பின்வரிசையில் நின்று இரக்கத்தோடு புன்னகைப்பேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு குட்டுக் குட்டவேண்டும் போலிருக்கிறது.

என் முதல் வகுப்பில், "உங்கட சொந்த வீட்டைப் பற்றி எழுதுங்கோ" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மாணவன் எழுந்து, "சார், கைடுல எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கைடில் இல்லை, உன் வீட்டில் பார் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. சரி, வழிகாட்டுவோம் என்று சோக்கட்டியை எடுத்து என் வீட்டை எழுதினேன். கடலுக்குப் பக்கத்தில் வீடு, தென்னோலை பின்னிய கிடுகு வேலி, சிவப்புச் சீமெந்துத் தரை, துலாக் கிணறு. சாப்பிட வரச்சொல்லி அம்மா கிணற்றடியில் நின்று கூப்பிடுவார். வீட்டுக்குள் இருந்தாலே கடல் கேட்கும். கரும்பலகை நிறைந்துவிட்டது. இதுபோல உங்களுடையதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, அகதிப் பதிவைப் புதுப்பிக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே, நாளை வா, நாளை வா என்று ஒரு வாரத்தை விழுங்கிவிட்டார்கள்.

வாரம் முடிந்து தெருவில் நடந்து வருகிறேன், பொருட்காட்சியைக் காணவில்லை. முதல் வீட்டில், 'அவர் ஹவுஸ் இஸ் நியர் த ஸீ.' அடுத்த வீட்டில் என் கிணறு. அதற்கடுத்த வீட்டில் என் அம்மா கூப்பிடுகிறார். கால் நகராமல் நின்றுவிட்டேன். என் அறைக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த தேவராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், அவர் மகள் செல்வி என் வகுப்பு.

"இன்னா சார், நம்ம ஊடு கடலாண்ட கீதுன்னு பொண்ணு கத்திகினு கீது? இங்க ஏரி தான சார் கீது, அதுவும் காஞ்சி பூட்ச்சி" என்றார்.

மறுநாள் விஜயா டீச்சரிடம் பாய்ந்தேன். "என்ன டீச்சர் செய்து வைச்சிருக்கிறியள்? அது என்ர வீடு!"

"தெரியும் சார். போர்டுல எழுதிட்டுப் போய்ட்டீங்க, பசங்க எழுதி வெச்சிருந்துச்சுங்க. நல்லா இருந்துச்சு, அதான் நாலு நாளா படிக்க வெச்சேன்."

"அவையள் தங்கட வீட்டை எழுதவேணும் எண்டுதான்..."

"அது அடுத்த வருசம் எழுதட்டும் சார். இப்ப பாஸாவணும். நீங்களும் இங்க இருக்கணும்ல?"

டீச்சர் நான்கு நாள் தொண்டை கிழியக் கத்தியது பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. கேள்வித்தாளில் 'என் வீடு' என்ற தலைப்பை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

தேர்வு முடிந்து ஆசிரியர் அறையில் இருவரும் தாள் திருத்தினோம். முதல் தாளில் கடல், வேலி, கிணறு. இரண்டாம் தாளிலும் அதே. நான் அடி கொடுத்திருக்க வேண்டியவர்கள் கட்டு நிறைய இருந்தார்கள். பத்தாவது தாளுக்கு மேல் எழுத்துகள் மங்கிவிட்டன. அம்மா இறந்து இரண்டு வருடம். பூட்டிக் கிடந்த வீட்டின் மேல் ஷெல் விழுந்து கூரை போய்விட்டது என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார். இங்கேயோ தாளுக்குத் தாள் கூரை ஏறிக்கொண்டிருந்தது, தாளுக்குத் தாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விசித்து அழுதுவிட்டேன்.

விஜயா டீச்சர் பதறிப்போய், "அவ்ளோ தப்பாவா சார் எழுதியிருக்குதுங்க?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் தயங்கித் தயங்கித் தன் தாள்கட்டிலிருந்து ஒரு தாளை நீட்டினார். செல்வியின் தாள். வேலி இருந்தது, கிணறு இருந்தது. கடல் கேட்கும் இடத்தில் பிள்ளைக்கு மறந்துவிட்டது போலும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவளாக எழுதியிருந்தாள்: எங்கள் வீட்டில் இருந்தால் கம்பெனிச் சங்கு கேட்கும், சங்கு ஊதினால் அப்பா வருவார்.

"இது உங்க ஊட்டுல இல்லியே சார். மார்க்க கொறச்சிடவா?"

"வேண்டாம் டீச்சர். விடுங்கோ" என்றேன். நான் அந்த வருடம் கற்பித்து ஒருவர் சொந்தமாக எழுதிய வரி அது ஒன்றுதான். அதையும் மறதிதான் கற்பித்தது.

எல்லோரும் தேறினார்கள். கரஸ்பாண்டென்ட் என் கையைக் குலுக்கி, "சிலோன் இங்கிலீஷ்னா சிலோன் இங்கிலீஷ்தான்" என்று மெச்சினார். எதற்காகப் பெருமைப்பட்டேனோ அது தோற்றதால் வேலை நிரந்தரமானது. இப்போது வாசிப்பு வகுப்பில் நானும் கூரை அதிரக் கத்துகிறேன், என்னைவிட விஜயா டீச்சரின் குரல்தான் நன்றாக எடுபடுகிறது.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடினால் வீடு முழுசாக நிற்கிறது. கிடுகு வேலி, சிவப்புத் தரை, கிணற்றடியில் அம்மா. கடலைத்தான் காணவில்லை. அந்த இடத்தில் அம்பத்தூர்ச் சங்கு ஊதுகிறது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேலை முடிந்து வருகிற யாரோ ஒருவருக்காகச் சோற்றை வடிக்கிறார்.