காலிக் கட்டில்

எதையும் எதிர்பார்க்காமல் புதுப்படத்துக்குப் போனால் ஏமாற்றமே இருக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்வார்கள். அவர்கள் வீட்டுச் சாவை யாரும் திரையில் ஓட்டவில்லை.

அப்பா இறந்த மறுவருஷம், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு படக்குழு வந்தது. ஒப்பாரிக் காட்சிக்கு ஆள் தேடினார்கள். எங்கள் தெருவில் எந்தச் சாவானாலும் முதலில் எடுத்துப் பாடுவது அம்மாதான். உதவி இயக்குநர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"படத்தோட உயிரே இந்த சீன்தாம்மா. தியேட்டரே அழணும்" என்றார்.

அம்மாவோடு நானும் போனேன். அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும் கிடந்தது. பிணமாக நடிப்பவரைப் பிறகு தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அம்மா நின்றுவிட்டார். காலிக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால், அதில் படுக்க ஆளைக் கூப்பிடுவதாகத்தான் எங்கள் பக்கம் அர்த்தம்.

"வெறுங்கட்டிலுக்கு நான் பாட மாட்டேன் தம்பி. பிள்ளகுட்டி இருக்க வீடு."

"உங்க மனுசர் யாரையாச்சும் நெனச்சுக்கங்கம்மா."

அம்மா கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதில் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அப்பா, முதல் போக நெல்லுக்கு வயலில் மடை மாற்றப் போன இடத்தில் நெஞ்சு வலித்து விழுந்தவர். அவருக்கு முன்னால் அவருடைய மண்வெட்டிதான் வீடு வந்து சேர்ந்தது. அவரைக் கிடத்தியிருந்த அன்று பாடியதையே அம்மா மறுபடி பாடினார். "மடை மாத்தப் போன மகராசா, மம்பட்டி வந்திருச்சே, நீ வரலையே." கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதை நம்பினேன்.

படம் வந்ததும் சொந்தபந்தமெல்லாம் ஒரு வேனில் ஏறித் தேனிக்குப் போனோம். முந்தானை போதாது என்று அம்மா ஒரு துண்டும் எடுத்துவந்தார்.

"ஒங்கப்பாருக்கு இன்னைக்கு ஊருப்பட்ட சனம் அழுகப் போகுதுலே" என்றார்.

அந்தக் காட்சி வந்தது. கட்டிலில் ஒரு சிரிப்பு நடிகர் படுத்திருந்தார். பெண்டாட்டிக்குப் பயந்து செத்தது போல நடிக்கிறாராம். அம்மா 'மம்பட்டி வந்திருச்சே' என்று பாடியதும் அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். எதிரே பெண்டாட்டி மண்வெட்டியோடு நின்றாள். படக்கென்று கண்ணை மூடிக்கொண்டார். தியேட்டர் அதிர்ந்தது. எங்கள் வரிசையிலேயே சித்தப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சட்டென்று அடக்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு யாருடைய அம்மாவாவது பாடியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

"எதுக்குலே இம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக?" என்று அம்மா கேட்டார். அவரே திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நனையாத துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இடைவேளையில் உதவி இயக்குநரைப் போனில் பிடித்தேன். "படத்துக்கே உங்கம்மாதான் சார் ஹைலைட். சனம் எப்படி ரசிக்குது பாத்தீங்கல்ல?" என்றார். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவர், என்னிடம் நன்றியை வேறு எதிர்பார்த்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவருக்கு நிஜமாகவே எதுவும் விளங்கவில்லை.

கொஞ்ச நாளில் பெரியம்மா தவறிப்போனார். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அம்மா எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அம்மா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். கடைசியில் வேறொருத்தி பாட ஆரம்பித்தாள்.

வீடு திரும்பும்போது ஏன் பாடவில்லை என்று கேட்டேன்.

"வாயெடுத்தா அந்தச் சிரிப்புதாம்ப்பா முன்னால கேக்குது. எங்கக்கா காதுலயும் அது விழுந்துறக் கூடாதுல்ல."