ஆறு கிராம் உப்பும் ஏழு வகைப் பொடியும்

மொமோசே தொகுஜி முப்பத்தெட்டு வருடங்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளப்பது, திருகு தளர்ந்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது, இதுதான் அவர் வேலை. எழுபத்தெட்டாவது வயதில் முதல்முறையாகச் சமையலறைக்குள் நுழைந்தபோதும் புதிய குறிப்பேடு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் நுழைந்தார். அதற்கு முன் அந்த வீட்டில் அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை. இது அவர் மனைவி மிட்சுயோ சொன்னது. அவர் மறுக்கவில்லை.

மிட்சுயோ அக்கா இதயம் பலவீனமாகி, அக்டோபர் முழுவதும் மருத்துவமனையில் கிடந்தார். நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு ஆறு கிராம் உப்புக்கு மேல் கூடாது என்றார் மருத்துவர். எங்கள் நாகானோக்காரர்களுக்கு அது என்ன தண்டனை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலைத் தேநீருக்கே ஒரு கிண்ணம் கீரை ஊறுகாய் வைத்துக்கொள்ளும் ஊர் இது. அக்கா மருத்துவமனைச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்தபோது எடை முப்பத்தொன்பது கிலோ.

மகன் யசுஹிரோ நகோயாவில் இருக்கிறான். கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. ஜனவரிக் கடைசிக்குள் அம்மா நாற்பது கிலோவைத் தொட வேண்டும், அதுவும் கால் வீக்கம் இல்லாமல். இல்லையென்றால் நகோயாவில் தன் வீட்டருகே உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். மருத்துவரும் அந்த எண் சரியானதுதான் என்றார். ஐம்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் சண்டை போட்டு வாழ்ந்தவர்கள் இரண்டு ஊர்களில் இருக்க வேண்டிவரும். சண்டை போட ஆளில்லாமல் இருவருமே நொடிந்துபோவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொண்டதில் அந்த அளவுக்குத் தெரியும்.

வாரம் மூன்று நாள் அக்காவைக் குளிப்பாட்டுவது, எடை பார்ப்பது, கால்களைப் பார்ப்பது என் வேலை. சமையல் என் அட்டவணையில் கிடையாது. வீட்டில் கை கால் நன்றாக இருக்கும் கணவர் இருந்தால் பராமரிப்புக்கு வரும் நாங்கள் சமைக்கக்கூடாது என்பது விதி. அதனால் தொகுஜி அண்ணன்தான் சமைத்தாக வேண்டும். நான் அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டே வாயால் சொல்வேன். அதற்கு விதியில் தடையில்லை.

முதல் மாதச் சமையலைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. உப்பைக் குறைத்தார், வேறு எதையும் கூட்டவில்லை. வேகவைத்த முள்ளங்கி, வேகவைத்த மீன், வேகவைத்த ஏதோ ஒன்று. புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பில் மட்டும் அவருக்குப் பிடிப்பு வந்தது, அதில் அளக்க ஒன்று இருந்ததால். எங்கள் ஊரில் முன்பெல்லாம் சுகாதாரத் தொண்டர்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சூப்பில் கருவியை நனைத்து உப்பு அளப்பார்கள். நானும் போயிருக்கிறேன். அந்தக் கருவியை அவருக்குக் கொடுத்தேன். பேனா மாதிரி இருக்கும். பானையில் முனையை நனைத்தால் நூற்றுக்கு எத்தனை பங்கு உப்பு என்று எண் காட்டும். ஒவ்வொரு வேளையும் அளந்து எழுதினார். 0.6, 0.6, 0.7, 0.6. தண்டவாளம் போல ஒரே நேர்.

அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏங்க, ரயில் கழுவுன தண்ணியைக் கொண்டாந்துட்டீங்களா?"

"டாக்டர் சொன்ன அளவு அது."

"அப்ப டாக்டரையே கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

நவம்பர் கடைசியில் எடை 38.4. அண்ணன் அதையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓஇதாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அண்ணனோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வுக்குப் பின் அங்கே தெற்கே போய்க் குடியேறிவிட்டார். அந்தப் பக்கத்து வீடுகளில் யூசு எலுமிச்சையின் தோலையும் பச்சை மிளகாயையும் சேர்த்து அரைத்து விழுது செய்வார்கள். அதில் இரண்டு பாட்டில் அனுப்பியிருந்தார். அண்ணன் கத்தி முனையில் கொஞ்சம் எடுத்து அக்காவின் சூப்பில் கலந்தார். அக்கா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைக் காலி செய்தார். பேசாமல் சாப்பிட்டார் என்பதே செய்தி.

அன்றிலிருந்து அந்தப் பச்சை விழுது எல்லாவற்றிலும் ஏறியது. தோஃபு மேல், மீன் மேல், வேகவைத்த கோழி மேல், சூப்பில் வேளைக்கு ஒரு சிறு கரண்டி. அக்கா சோறு இரண்டாம் முறை கேட்டார். எடை 39.1 ஆனது, நான்கு நாளில் 40.6 ஆனது. அண்ணன் 40.6 என்பதைச் சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். மகனுக்குப் போன் செய்து, நகோயா இல்லத்தில் செய்திருக்கும் முன்பதிவை ரத்து செய்யச் சொல்லப் போவதாக என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. கிழவி உடம்பில் சதை நான்கு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறாது. குளியலறையில் அக்காவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஏறியது சதையில்லை, நீர்.

வெளியே வந்து அண்ணனிடம் போன் செய்ய வேண்டாம் என்றேன். குறிப்பேட்டைக் காட்டினார். சூப் 0.6, சூப் 0.6, ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்கிருந்து வருகிறது இவ்வளவு உப்பு என்று அவரும் நானும் சமையலறையில் நின்று யோசித்தோம். சோயா சாஸ் பாட்டில் மேல் அலமாரியில் பூட்டியிருந்தது. ஊறுகாய்ப் பானை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அப்போது மேசையில் இருந்த பச்சைப் பாட்டில் என் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் எலுமிச்சை, அடுத்து மிளகாய், அதன் பின்னால் கடல். ஐந்தில் ஒரு பங்காவது உப்பு இருக்கும். கெடாமல் இருக்க அப்படித்தான் அரைப்பார்கள்.

"அண்ணே, நீங்க எப்ப அளக்கறீங்க?"

"பானையில இருக்கும்போது."

"இதை எப்பப் போடறீங்க?"

"கிண்ணத்துல, மேசைக்கு வந்தப்புறம். காரத்தை யாரும்மா பானையில போடுவாங்க?"

போடமாட்டோம்தான். பானை வீட்டுக்கே பொது, காரம் அவரவர் கிண்ணத்தில் அவரவர் தூவிக்கொள்வது. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கருவி பானையில் நின்றுவிட்டது, உப்பு கிண்ணத்தில் ஏறிக்கொண்டிருந்தது. காரம் என்றால் உப்பில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். பாட்டிலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்ததை அவர் படிக்கவில்லை. தண்டவாளத்தில் ஒரு திருகைக்கூடத் தவறவிடாதவர்.

மருத்துவர் நீர் இறங்குவதற்கான மாத்திரையைக் கூட்டினார். ஒரு வாரத்தில் எடை 38.3. சிவப்பு மையில் எழுதிய எண்ணின் மேல் அண்ணன் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தார். அன்று அக்காகூட அவரைக் கிண்டல் செய்யவில்லை. அது எனக்கு வீக்கத்தைவிடக் கவலையாக இருந்தது.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். அக்கா சாப்பிட்டது உப்புக்காக மட்டும் இல்லை, மணத்துக்காகவும். மணம் இருந்து உப்பு இல்லாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். கோயில் தெருவில் பொடிக்கடை இருக்கிறது, பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தானே நடந்திருக்கிறீர்கள்.

அடுத்த நாள் பனியில் நடந்தே போனார். அந்தக் கடையில் ஏழு மரக்கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். மிளகாய், சுக்கு, எள், சணல் விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், துளசி போல மணக்கும் சிசோ இலை, நாக்கை மரத்துப்போக வைக்கும் சான்ஷோ மிளகு. நாம் கேட்கும் அளவில் கண்ணெதிரே கலந்து கொடுப்பார்கள். வந்தவர்கள் காரம் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிப் போவார்கள். அண்ணன் குறிப்பேட்டைத் திறந்து, இவற்றில் எதிலெல்லாம் உப்பு இருக்கிறது என்று கேட்டாராம். ஒன்றிலும் இல்லை என்றாள் கடைக்கார அம்மாள். சத்தியமாகவா என்றாராம். அவள் கிண்ணத்துக்குக் கிண்ணம் அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டு நக்கிப் பார்க்கச் சொன்னாள். சான்ஷோவுக்குப் பின் பத்து நிமிடம் அவருக்குப் பேச்சு வரவில்லை. கடையில் எல்லோரும் சிரித்தார்களாம். இதை அவரே வந்து என்னிடம் சொன்னார், உதடு இன்னும் மரத்திருந்தது.

மூன்று கலவைகள் வாங்கி வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஒட்டினார். அக்கா நீதிபதி போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றாம் எண்ணில் சுக்கு அதிகம், மருந்துக்கடை வாசனை வருகிறது என்றார். இரண்டாம் எண்ணில் மிளகாய் மட்டும்தான் தெரிகிறது. மூன்றாம் எண்ணை மட்டும் விரலால் தொட்டு இன்னொரு முறை நக்கினார்.

"இது பரவாயில்ல. தோல் இன்னும் கொஞ்சம் வேணும். எள்ளை யாரு வறுத்தது, பச்சையா இருக்கு?"

"கடையில வறுத்ததுதான்."

"நீங்க இன்னொருக்கா வறுங்க. அடுப்பு எப்படிப் பத்த வைக்கணும்னு தெரியும்ல?"

கிண்டல் திரும்பிவிட்டது. நான் துண்டை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.

அதன் பிறகு அண்ணன் வாரம் ஒருமுறை கடைக்குப் போனார். நாலாம் எண், ஐந்தாம் எண், ஆறாம் எண். எள்ளைக் காய்ந்த வாணலியில் போட்டுப் படபடக்கும் வரை வறுத்து, அதன் சூட்டிலேயே பொடியைப் புரட்டினால் மணம் இரட்டிப்பாகும் என்று தானாகவே கண்டுபிடித்தார். சூப்புக்குக் காய்ந்த காளானையும் கடற்பாசியையும் முந்தின நாளே ஊறவைத்தார். பூசணிக்காய்க்கு ஆரஞ்சுத் தோல் அதிகமுள்ள கலவை, கொழுப்பு மீனுக்குச் சான்ஷோ அதிகமுள்ளது, கத்தரிக்காய்க்குச் சிசோ. கறிக்குழம்புக்கு அக்கா ஆசைப்பட்டபோது, கடையில் விற்கும் உப்பும் கொழுப்பும் சேர்ந்த குழம்புக் கட்டியை வாங்காமல் வெறும் கறித்தூளை வாங்கி வெங்காயத்தோடு வதக்கினார். வாங்கும் ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். எல்லாம் நன்றாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஒருநாள் தயிரில் தூவினார். அதை நாங்கள் மூவரும் மறந்துவிட்டோம்.

பெரிய மாற்றம் வேறொன்று. இப்போது கருவி பானையில் நனைவதில்லை. கிண்ணத்தில் ஊற்றி, பொடி தூவி, மேசைக்கு வந்த பிறகு, அக்கா உதட்டில் வைப்பதற்கு முன் நனையும். அக்கா இதைப் பாஸ்போர்ட் சோதனை என்பார்.

எடை மெதுவாக ஏறியது. 38.7, 39.0, 39.0, 39.4. மெதுவாக ஏறினால்தான் எனக்கு நம்பிக்கை. ஒவ்வொரு முறையும் காலை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்ததும் தோல் திரும்பி வந்தது. அண்ணன் எதையும் சிவப்பு மையில் எழுதவில்லை.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை யசுஹிரோ வந்தான். நுழைந்ததும் எடை இயந்திரத்தைத்தான் பார்த்தான். அக்காவை ஏற்றினேன். 40.1. அவன் என்னைப் பார்த்தான். நான் அக்காவின் காலை அழுத்தி அவனுக்குக் காட்டினேன், குழி இல்லை. அவனையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அம்மாவின் காலைத் தொட அவனுக்குக் கூச்சம். அக்கா காலை நீட்டி, "அமுக்குடா, ஒடஞ்சா போவும்?" என்றார். அமுக்கினான். சிரித்துவிட்டான்.

மதியம் அண்ணன் சமைத்தார். சான்ஷோ தூவிய மீன், கத்தரிக்காய், சோறு, சூப். பாதிச் சாப்பாட்டில் யசுஹிரோவின் கை பழக்கத்தில் சோயா சாஸைத் தேடி மேசையில் அலைந்தது. அக்கா ஏழாம் எண் டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். அவன் தூவினான், சாப்பிட்டான், இன்னும் தூவினான். நகோயா முன்பதிவை ரத்து செய்துவிடுவதாகவும், எடை முப்பத்தொன்பதுக்குக் கீழே போனால் மறுபடி பேசுவோம் என்றும் சொன்னான். நியாயமான பேச்சு. இதயம் குணமாகிவிடவில்லை, சாப்பாடு உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மீனில் முள் எடுத்தார். ரொம்ப நேரம் எடுத்தார். அந்த மீனில் அவ்வளவு முள் கிடையாது.

அக்கா சூப்பை முடித்துக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னைக்கு உப்பு தூக்கலா இருக்கு. புள்ளை வந்துட்டான்னு அள்ளிப் போட்டீங்களா?"

அண்ணன் கிண்ணத்தை வாங்கினார். கிண்ணத்தை நிரப்பினார், பொடியைத் தூவினார், கருவியை நனைத்து அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். 0.6.

"அப்ப மெஷின் கெட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டு அக்கா குடிக்க ஆரம்பித்தார்.

அண்ணன் குறிப்பேட்டை எடுத்து, ஏழாம் எண் கலவைக்கு எதிரே தேதியையும் 0.6 என்பதையும் எழுதினார். அதன் பக்கத்தில் "உப்பு தூக்கல், மிட்சுயோ" என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். எனக்கு இரண்டு மணிக்கு அடுத்த வீடு இருந்தது. காலணியை மாட்டும்போது, அடுத்த வாரம் கடைக்குத் தானும் வரப்போவதாகவும், இந்த மனிதனை நம்பினால் சுக்கை அள்ளிப் போட்டுவிடுவார் என்றும் அக்கா சொல்வது கேட்டது. பனியில் சக்கர நாற்காலி ஓடாது, மார்ச் வரை பொறுக்க வேண்டும் என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு வந்தேன்.