பள்ளி அடைத்ததும் அழித்த பக்கம்

ஆரியங்கோட்டில் கம்ப்யூட்டர் கெட்டால் எல்லாரும் முதலில் ஜங்ஷன் கடைக்குத்தான் போவார்கள். ஃபார்மேட் அடித்தால் உள்ளே உள்ளதெல்லாம் போகும் என்று கடையில் சொன்ன பிறகு லேகாவிடம் வருவார்கள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசைதான் கடை. மதியம் மரச்சீனிக் கிழங்கு வைக்க இடம் வேண்டுமென்றால், கணவர் ஷாஜி பிரித்துப் போட்டிருப்பதை எல்லாம் ஜன்னல் ஓரம் ஒதுக்குவார். ஒரு ஸ்குரூகூடத் தொலையாது. எதையும் தொடும் முன் லேகா ஒன்று கேட்பாள்: "வீட்டுல ஆரெல்லாம் இதுல வேல செய்யும்?" கொண்டுவந்தவரின் பேச்சை மட்டும் கேட்டு அவள் வேலை தொடங்கியதில்லை.

ஏப்ரலில் ஒரு காலை தாசையன் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். கூடவே மனைவி பிஜி, தமிழ் டீச்சர். இறங்கியதும் அவருக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள்.

அந்தப் பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள். விண்டோஸ் பக்கம் அவருடையது. பள்ளியில் லினக்ஸ் என்பதால் பிஜியின் வேலையெல்லாம் அந்தப் பக்கம். ஆன் செய்தால் எந்தப் பக்கம் என்று கேட்கும்.

"இப்ப ஒண்ணும் கேக்கல்ல மக்கா. ஸ்கிரீன் கறுப்பா நிக்குது," என்றார் தாசையன்.

"எந்து செஞ்சீரு அண்ணா?"

"வீடியோவுக்கு எடம் பத்தல்ல. ஸ்கூலு அடச்சாச்சே, தொறக்கும்போ திரும்பப் போடலாம்னு அந்தப் பக்கத்த டெலீட் செஞ்சேன்."

"பொஸ்தகத்தையும் நீங்களே திரும்ப வாசிப்பீங்களோ?" என்றாள் பிஜி.

பிஜியின் பள்ளியில் படிக்கும் கண் தெரியாத மாணவன் அஸ்வந்த் ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வருகிறான். அவனுக்காகத் தமிழ்ப் பாடநூல் முழுவதையும் மிக்சி ஓடாத, நாய் குரைக்காத நேரமாகப் பார்த்து வாசித்துப் பதிவு செய்திருந்தாள். வேறெங்கும் நகல் இல்லை.

தாசையனின் போன் அடித்தது. "பெண்ணு வீட்டுக்காரங்களாக்கும். விண்டோஸ மட்டும் எழுப்பித் தா மக்கா."

"அது சட்டுனு செய்யலாம். எழும்பினா நீரு முதல்ல எந்து செய்வீரு?"

"காலி எடத்துல வீடியோவ..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"டீச்சருக்க சத்தத்துக்கு மேல கல்யாண மேளம் ஏறும். கறுப்பா நின்னது நல்லதாக்கும். அந்த எடத்துல இன்னும் ஒண்ணும் எழுதல்ல."

தாசையன் போனை எடுத்து, "வீடியோ தர வைகும், கொஞ்சம் பொறுக்கணும். தப்பு எனக்கதாக்கும்," என்றார்.

லேகா பென்டிரைவ் வழியாக நுழைந்து, அழிந்த பக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தேடினாள். திரையில் எண்கள் ஊர்ந்தன. ஷாஜி போட்டுத் தந்த சாயாவைப் பிஜி குடிக்கவில்லை. ஒருவழியாக ‘அஸ்வந்த்’ என்ற பெயர் தெரிந்தது. லேகா உடனே சந்தோஷப்படவில்லை. அதை வேறு டிஸ்கில் நகலெடுத்தாள். பிறகே பழைய எல்லையை மீட்டு, கம்ப்யூட்டரை எழுப்புகிற ஃபைல்களைப் புதிதாகப் பதித்தாள். மறுபடி ஆன் செய்தபோது விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர்களும் வரிசையாக வந்து நின்றன.

பிஜி ஹெட்போனை மாட்டிக் கடைசிப் பாடத்தை முழுவதும் கேட்டாள்.

"ஒண்ணும் விடாம ஒக்க உண்டா டீச்சர்?"

"உண்டு. வாசிக்கும்போ எடையில இவரு சாயா கேட்டதும் உண்டு."

"அத மட்டும் அழிச்சுத் தரட்டா?" என்றாள் லேகா. தாசையன்தான் முதலில் சிரித்தார்.

வீடியோவுக்கு வேறு டிஸ்க் வாங்கச் சொல்லி அனுப்பினாள். திரும்பும்போது ஆட்டோவில் பெட்டி பிஜியின் மடியில் இருந்தது.