லீஷ் முன்னால் மாட்டணும்னு சொன்னது நான்

ஹேவ்லாக் தீவில் சுனாமி வழித்துப்போட்ட மண்ணில் தனி ஆளாய் விடுதி கட்டினேன், படகு வாங்கினேன். அஞ்சாம் கிளாஸ்கூடத் தாண்டாதவன். அந்தக் கரையில்தான் என் மருமகன், காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் போகும் விளையாட்டைச் சொல்லித்தருகிறார். காற்றாடியை ஆளோடு பிணைக்கும் லீஷ் கயிற்றை முதுகுப் பக்கம் மாட்டினார்.

"அவசரத்துக்குக் கழற்றக் கை எட்டாதே மாப்பிள்ளை, முன்னால் மாட்டுங்க" என்றேன்.

"அரே மாமா, இது என்ன உங்க நங்கூரமா? போய் டீ குடிங்க!"

மறுவாரமே காற்றாடி அவரைப் பாறைக்கு இழுத்தது. கழற்ற முடியாமல் முதுகைத் தடவினார். நான்தான் படகில் போய்க் கயிற்றை அறுத்தேன்.

இப்போது பழக வருகிற எல்லோருக்கும் லீஷை முன்பக்கம்தான் மாட்டுகிறார். தானே கண்டுபிடித்ததாம்! மாப்பிள்ளை, மாமனார் சொன்னதுன்னு சொல்லுங்க. நான் பக்கத்தில் நிற்கும்போது, சத்தமாகச் சொல்லுங்க.