மூடிக்குப் பக்கத்தில் சீப்பு

அகழாய்வுக் குழியில் எல்லோரும் அவளை 'அளவுகோல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே படமெடுப்பவள் அவள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலைப் பக்கத்தில் வைக்காமல் ஓர் ஓட்டாஞ்சில்லைக்கூடப் படம்பிடிக்க மாட்டாள். பொருள் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்திலும் அதை நிறுத்திவிட்டாள். அவர் கொஞ்சம் குள்ளம். இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குழியில் கிடைப்பதை வைக்கும் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கமும் அவள் பொறுப்புதான். அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "இந்த மாசத்தோட மூடிடலாம்மா. யாருமே பாக்கறதில்லையே" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் குழியிலிருந்து ஒரு பானை மூடி வந்திருந்தது. ஈரக் களிமண்ணில் யாரோ அழுத்திய கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே இருந்தது. அதை நாலு பேர் பார்க்காமல் பக்கத்தை மூடுவதா?

அதைப் படமெடுக்க அவசரத்தில் கிளம்பியவள் அளவுகோலை வீட்டிலேயே விட்டுவிட்டாள். பையைத் துழாவியதில் கணவரின் மரச்சீப்பு கிடைத்தது. முடி வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் வாங்கியது. முடி போய்விட்டது, சீப்பு மட்டும் சில பல்லை இழந்து மிச்சமிருந்தது. அதன் நீளம் அவளுக்கு அத்துப்படி, வீட்டில் அவள் அளக்காத சாமானே கிடையாது. மூடிக்குப் பக்கத்தில் சீப்பை வைத்துப் படமெடுத்து, 'ஈராயிரம் வருடப் பழமை' என்று எழுதிப் போட்டாள். எது என்று எழுதத் தோன்றவில்லை.

மறுநாள் பக்கம் அமளிதுமளிப்பட்டது. 'அந்தக் காலத்திலேயே என்ன அழகான சீப்பு!' 'பல் உடையும் அளவுக்கு அடர்த்தியான முடி!' மூடியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கணவர் கைபேசியை நீட்டினார். "ஆபீஸ்ல எல்லாரும் இதத்தான் அனுப்பறாங்க. எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"உங்களுதுதாங்க."

"அடர்த்தியான முடின்னு ஒருத்தர் போட்டிருக்காரே, அத மட்டும் அழிச்சிடாதம்மா."

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். அவர் எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர படத்தைப் பார்க்கவில்லை. அவள் உண்மையைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மானம் போயிடும்மா. பேசாம படத்த எடுத்துடு."

அவளுக்கு மனம் வரவில்லை. 'சீப்பு என் கணவருடையது. பழையது மூடிதான். பெரிதாக்கி விரல் ரேகையைப் பாருங்கள்' என்று எழுதிவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினாள். ஊரே சிரித்துச் சிரித்து அதைப் பகிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் மூடியும் சீப்பும் பக்கம் பக்கமாக இருந்தன. சீப்பின் அட்டையில் 'காலம்: என் கணவருக்கு முடி இருந்த காலம்' என்று எழுதியிருந்தாள். வந்தவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். பிறகு சத்தம் அடங்கி, ஒவ்வொருவராகக் குனிந்து, அந்த ரேகைக்கு நேராகக் கண்ணாடிமேல் தங்கள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்கள். இயக்குநரும் வைத்தார். பக்கத்தை மூடும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் கண்ணாடி முழுக்க விரல் ரேகை. துடைக்க வந்தவரை அவள் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்."

பக்கத்தில் அளவுகோலை வைக்க மறக்கவில்லை.